ஐந்தாவது பொட்டு

வாழப்பாடி
5-6-1938

அன்பில் குறைவில்லாத மாப்பிள்ளை தீர்த்தகிரிக்கு, மச்சான் வெங்கடாசலம் எழுதுவது.

முருகன் புண்ணியத்தில் இங்கே ஆள், மாடு, கன்று எல்லாம் சௌக்கியம். பம்பாயில் மழை பிடித்துவிட்டதா, அந்த ஊர்ச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று உன் அக்காள் ஓயாமல் கேட்கிறாள். அவளுக்காகவாவது பதில் எழுது.

ரோட்டோரத்து நிலத்தில் புது வீட்டுக்குக் கடைக்கால் எடுத்தாயிற்று. சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற பஸ்ஸில் யார் உட்கார்ந்திருந்தாலும் என் வீட்டைப் பார்த்துக்கொண்டுதான் போகவேண்டும், அப்படி ஒரு முகப்பு. சுவரையும் கூரையையும் பொன்னன் கொத்தனார் பார்த்துக்கொள்வார். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள், கை சுத்தம். ஆனால் சுவரும் கூரையும் மட்டும் இருந்தால் இந்தக் காலத்தில் அதற்குப் பெயர் வீடா? ஆத்தூர் அரிசி ஆலைக்காரர் வீட்டில் சுவருக்குள்ளேயே குழாய் ஓடுகிறது. திருகினால் தண்ணீர் கொட்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மேட்டூர் கரண்டும் நம் பக்கம் வரப்போகிறதாம். கம்பம் நட அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நீ கம்பெனியில் பெரிய பெரிய கட்டடங்களுக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும், கழிவு எந்த வழியாகப் போகும், கரண்டு எப்படி ஓடும் என்று தாளில் போட்டுக் கொடுக்கிறவன். சொந்த மச்சான் வீட்டுக்கு ஒரு பிளான் போடமாட்டாயா? ஆலைக்காரர் வந்து பார்த்தால் அவருக்கும் சோறு இறங்கக்கூடாது. நிலத்தின் அளவை எல்லாம் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் அக்காள் பக்கத்தில் நின்று ஏதோ சொல்கிறாள். தாள் முடிந்துவிட்டது. அவளையே தனியாக எழுதச் சொல்கிறேன்.

உன் நலம் விரும்பும்
வெங்கடாசலம்

*

வாழப்பாடி
7-6-1938

அன்புத் தம்பிக்கு அக்காள் கண்ணாத்தாள் எழுதிக்கொண்டது. உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா?

தாள் முடிந்துவிட்டது என்று உன் மச்சான் எழுதினாரே, பின்பக்கம் முழுவதும் காலியாகத்தான் இருந்தது.

குளிப்பதைப் பற்றித்தான் நானும் எழுத வந்தேன். நான் குளிக்கிற இடம் உனக்குத் தெரியும். கிணற்றடியில் மூன்று பக்கம் ஓலைத்தட்டி. நான் கல்யாணமாகி வந்தபோது அந்த ரோட்டில் வண்டி மாடுதான் போகும், அதுவும் எப்போதாவது. இப்போது ஆத்தூர் பஸ் சரியாக நம் புளியமரத்தடியில்தான் நிற்கிறது. பஸ்ஸின் கூரைமேல் மூட்டையோடு மூட்டையாக ஆட்கள் உட்கார்ந்து வருகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் தட்டி எதற்கு? அதனால் கோழி கூவுவதற்கு முன்னால் எழுந்து, இருட்டோடு இருட்டாகத் தலையில் இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடிவருகிறேன். மார்கழியிலும் அப்படித்தான்.

இப்போது கம்பம் நட அளந்தார்களே, அதில் ஒன்று என் தட்டிக்கு நேராக வருகிறது. அதன் உச்சியில் ராவெல்லாம் விளக்கு எரியுமாம். உன் மச்சானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு இருந்த ஒரே கதவு அந்த இருட்டுதான் தம்பி. அதையும் எடுத்துவிட்டால் நான் எங்கே போய்க் குளிப்பேன்?

அவரிடம் சொன்னேன். “ஊர்ல பொம்பளைங்க எல்லாம் தட்டி மறைவுலதானே குளிக்கிறாங்க, உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?” என்றார். நான் வேறெதுவும் கேட்கவில்லை. விளக்கு வேண்டாம், முகப்பு வேண்டாம். சமையல்கட்டை ஒட்டி ஒரு அறை, நாலு பக்கமும் சுவர், ஒரு குழாய், கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். உள்பக்கம் என்பதைப் பெரிய எழுத்தில் எழுது. இல்லாவிட்டால் இங்கே வெளிப்பக்கம் வைத்துவிடுவார்கள்.

நீ சிறுபிள்ளையாக இருந்தபோது உன்னைக் குளிப்பாட்டிவிட்ட கை கேட்கிறது. மறந்துவிடாதே.

உன் அக்காள்
கண்ணாத்தாள்

*

மாதுங்கா, பம்பாய்
12-7-1938

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்குத் தீர்த்தகிரி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். இங்கே மழை விட்டபாடில்லை. என் வேட்டி ஒன்று காய்ந்து பத்து நாளாகிறது. அக்காவுக்கும் என் வணக்கம்.

பிளான் இத்துடன் வருகிறது. கம்பெனித் துரைக்குக்கூட நான் இவ்வளவு கவனமாக வரைந்ததில்லை. எங்கள் தொழிலில் சுவர் எழும்புவதற்கு முன்பே குழாய் போகிற வழியைத் தீர்மானித்துவிட வேண்டும். சுவரைக் கட்டிவிட்டுக் குழாய்க்காக இடிப்பது, பிள்ளை பெற்ற பிறகு மாப்பிள்ளை பார்ப்பது போல. ஆகவே கீழே உள்ளதைக் கொத்தனாருக்குத் தெளிவாகப் படித்துக் காட்டவும்.

நீலக் கோடு நல்ல தண்ணீர்க் குழாய். கிணற்றில் கைப்பம்பு வைத்து அடித்தால் மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து தானாக இறங்கி வரும். கரண்டு வந்தபின் மோட்டார் வைத்துக்கொள்ளலாம். கறுப்புக் கோடு கழிவுநீர் போகிற வழி. சிவப்பு வட்டம் இருக்கும் இடத்தில் மூன்றடி ஆழத்துக்குக் குழி எடுத்துச் செங்கல் கட்டி, மேலே கல் மூடி போடவேண்டும். அடைப்பு எடுக்க ஆள் இறங்குவதற்கு அது. தாளில் ஒரு அங்குலம் என்றால் தரையில் நாலடி.

அக்கா கேட்ட குளியலறையைச் சமையல்கட்டை ஒட்டியே வைத்திருக்கிறேன். தாழ்ப்பாள் உள்பக்கம்.

ஒன்றே ஒன்று மிக முக்கியம். கொத்தனார் தன் சொந்த யோசனையைச் சேர்க்கக்கூடாது. தாளில் எங்கே இருக்கிறதோ அங்கே, எப்படி இருக்கிறதோ அப்படி.

தங்கள் அன்புள்ள
தீர்த்தகிரி

*

வாழப்பாடி
30-8-1938

அருமை மாப்பிள்ளைக்கு, இங்கே எல்லோரும் சுகம். வெள்ளைப் பசு கன்று போட்டிருக்கிறது. உன் வேட்டி காய்ந்ததா?

உன் பிளான் வந்ததும் தெருவே திரண்டு வந்து பார்த்தது. கோடுகளைப் பார்த்தே பாதிப் பேருக்குத் தலை சுற்றிவிட்டது. ஆடி போகட்டும் என்று எடுத்து வைத்திருந்து, ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பூஜை போட்டோம். புது வண்டியானாலும் புது ஏரானாலும் மஞ்சள் குங்குமம் வைக்காமல் நம் வீட்டில் தொட்டதுண்டா? பிளானை மணைப்பலகைமேல் விரித்து, மூலைக்கு ஒன்றாக என் கையாலேயே பொட்டு வைத்தேன். உன் அக்காளும் கும்பிட்டாள். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. அன்றைக்குப் பார்த்து என் மூக்குக்கண்ணாடி மணையடியில் விழுந்து நொறுங்கிவிட்டது. சேலத்தில் புதிதாகச் செய்து இப்போதுதான் கைக்கு வந்தது.

அதனால் உன் கடிதத்தைக் கொத்தனாருக்கு உன் அக்காள்தான் படித்துக் காட்டினாள். நீலம், கறுப்பு, சிவப்பு எல்லாம் அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை. அப்படியும் மனிதர் முன்வாசலைத் தன் யோசனையில் ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டார். நான் விடுவேனா? “தாள்ல இருக்கிறதுதான் சட்டம். உங்க மூளைய மடிச்சு இடுப்புல சொருகிக்குங்க” என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. “சரிங்க. இனிமே தாள்ல என்ன இருக்குதோ அது மட்டுந்தானுங்க” என்றார். அதன்பின் என்னோடு பேச்சில்லை. வேலை மட்டும் நறுக்காக நடக்கிறது.

சேலத்தில் மின்சார விசிறி ஒன்று வாங்கினேன். கூடத்துக்கு மேல்தளம் போட்ட அன்றே தொங்கவிடப் போகிறேன். கரண்டு வரும்போது வரட்டும், விசிறி தயாராக இருக்கவேண்டும் அல்லவா?

உன் பிளானில் ஒரே ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். சொல்லும்படி பெரிதில்லை.

உன்
வெங்கடாசலம்

*

பம்பாய்
8-9-1938

மச்சான் அவர்களுக்கு வணக்கம். நலம், நலமறிய ஆவல். பசுங்கன்றுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

திருத்தம் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தொழிலில் சின்னத் திருத்தம் என்று ஒன்று கிடையாது. என்ன திருத்தம் என்று உடனே எழுதுங்கள். அக்காவின் குளியலறை எந்த மட்டில் இருக்கிறது?

தீர்த்தகிரி

*

வாழப்பாடி
20-10-1938

அருமை மாப்பிள்ளைக்கு,

கன்றுக்கு லட்சுமி என்று பெயர். நன்றாகத் துள்ளுகிறது. புரட்டாசி மழையில் கிணறு முக்கால்வாசி நிரம்பிவிட்டது. உன் அக்காளும் நலம்.

நான் இரும்புக் குழாய் வாங்கச் சேலம் போய்த் தங்கிவிட்டு வருவதற்குள் கொத்தனார் குழிகளை எல்லாம் எடுத்துச் செங்கல்லும் கட்டி முடித்துவிட்டார். மாப்பிள்ளை, உன் மூளையே மூளை. எனக்குச் சுத்தமாக ஒன்றும் புரியவில்லை. புரியாததால்தான் இது பெரிய வேலை என்று தெரிந்தது. ஆலைக்காரர் வீட்டில் கழிவுக்கு ஒரே ஒரு குழி. நமக்கு ஆறு.

ஒன்று வீட்டுக்குப் பின்னால். ஒன்று வைக்கோல் போர் பக்கத்தில், ஒன்று புளியமரத்தின் வேரில், ஒன்று ரோட்டை உரசிக்கொண்டு. இன்னொன்று வேலிக்கு அந்தப் பக்கம் பெருமாயியின் கத்தரிப் பாத்தியில். அவள் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் வெட்டிவிட்டார்கள். திரும்பி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஏனுங்க, எங்க கத்திரிக்காய் திங்கிறதுக்குப் பம்பாயில இருந்து கோடு போட்டுத்தான் வரோணுமா? கேட்டா நானே குடுத்திருப்பனே” என்றாள். இது விஞ்ஞானம், உனக்குப் புரியாது என்று சொல்லி அனுப்பினேன்.

ஆறாவது வீட்டுக்குள்ளேயே ஒரு அறையில் வருகிறது. எந்த அறை என்பது இப்போது முக்கியமில்லை. ரோட்டோரக் குழியில் என்ன ஓடும் என்று மட்டும் எழுது. பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை.

வெங்கடாசலம்

*

பம்பாய்
27-10-1938

மச்சான் அவர்களுக்கு,

எந்த ஆறு? நான் வரைந்தது ஒரே ஒரு சிவப்பு வட்டம். வீட்டுக்குப் பின்னால் இருக்கிறதே, அது மட்டும். மற்ற ஐந்தும் எங்கிருந்து வந்தன? வேலையை உடனே நிறுத்துங்கள். பிளானை நல்ல வெளிச்சத்தில் விரித்து வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பெருமாயி அம்மாளிடம் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள்.

நலம் விசாரிக்கவும் நேரமில்லை. தபால் மூடப்போகிறார்கள்.

தீர்த்தகிரி

*

வாழப்பாடி
2-12-1938

மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். பதில் எழுதக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். உன் சிவப்பு வட்டம் ஒன்று. மூலைகளில் நான் வைத்த குங்குமப் பொட்டு நாலு. உன் சிவப்பும் என் குங்குமமும் ஒரே நிறம், ஒரே அளவு. பொன்னன் கொத்தனார் அங்குலத்துக்கு நாலடி என்று கயிறு பிடித்து அளந்து, தாளின் மூலை எங்கெங்கே விழுகிறதோ அங்கெல்லாம் வெட்டியிருக்கிறார். “குங்குமத்துக்கும் மசிக்கும் வித்தியாசம் தெரியாதா?” என்று கேட்டேன். “தெரியுமுங்க. ஆனா மூளைய மடிச்சு இடுப்புல சொருகிக்கச் சொல்லிப்போட்டீங்க. இன்னும் அங்கதானுங்க இருக்குது” என்றார்.

அதோடு போகவில்லை. போன வாரம் எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கிய ஆத்தூர் பஸ் ரோட்டோரக் குழியில் முன்சக்கரத்தை விட்டுவிட்டது. நல்லவேளை, யாருக்கும் ஒன்றுமில்லை. இறங்கிய ஜனம் முழுவதும் நம் வீட்டுக்கு வந்து, குழி வெட்டியவன் யார் என்று விசாரித்துவிட்டு, ஒரு பானை மோரையும் குடித்துவிட்டுப் போயிற்று. ரோட்டு ஓவர்சியர் வந்து அந்தக் குழியை மூடினார். மூடும்போது அவர் சொன்னதை எல்லாம் எழுதினால் இந்தக் கடிதம் தபாலில் போகாது.

கொத்தனார் மற்றதை மூட மறுக்கிறார். “செவுத்த இடிக்கச் சொல்லுங்க, இடிக்கிறனுங்க. சாமிக்குன்னு பொட்டு வெச்ச குழிய மூடமாட்டனுங்க. எனக்கும் புள்ள குட்டி இருக்குதுங்க” என்கிறார். நானே மண்வெட்டியை எடுத்தேன். எடுத்த வேகத்திலேயே கீழே வைத்துவிட்டேன். பொட்டு வைத்தவனும் நான்தானே. கடைசியில் வைக்கோல் போர் பக்கத்துக் குழியிலும் புளியமரக் குழியிலும் வாழைக்கன்று வைத்தாயிற்று. பெருமாயி தன் குழியில் முருங்கைக் கொம்பு நட்டுவிட்டாள்.

நாலுக்கு நான் பொறுப்பு. உள்ளே இருக்கிற ஆறாவது குழிக்குப் பொட்டு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. அது வந்த இடம், நான் திருத்தம் செய்தேன் என்றேனே, அந்த இடம். உன் குளியலறையை அடித்துவிட்டு ரேடியோ அறை என்று எழுதியிருந்தேன். ஆலைக்காரர் ரேடியோ வாங்கப் போவதாகக் கேள்விப்பட்டேன், அதனால்தான். இப்போது அந்த அறை நடுவில் மூன்றடிச் சாக்கடைக் குழி. ரேடியோவை அதற்குள் இறக்கியா பாட்டுக் கேட்பது?

என்ன செய்யலாம் என்று எழுது. உன் அக்காளைக் கேட்டால், “சாமி காட்டின வழி, நான் என்னத்தச் சொல்றது?” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

வெங்கடாசலம்

*

பம்பாய்
10-12-1938

மச்சான் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்துச் சிரித்துவிட்டேன். துரை என்னவென்று கேட்டார். எந்தப் பாஷையில் சொல்வது?

குழி உள்ள அறையில் ரேடியோ, நெல், விருந்தாளி எதையும் வைக்க முடியாது. எங்கள் தொழிலில் அப்படிப்பட்ட அறைக்கு ஒரே பெயர்தான். குழிக்குக் கல் மூடி போட்டு, அதை நோக்கித் தரையைச் சாய்த்து, அங்கிருந்து பின்குழிக்கு மண்குழாய் போட்டுவிடுங்கள். நீலக் கோடு ஏற்கெனவே அந்தச் சுவரில்தான் வருகிறது. தாழ்ப்பாளை மறக்கவேண்டாம்.

அக்காவுக்குத் தனியாக ஒரு கேள்வி. மச்சான் நாலு மூலைக்கு நாலு பொட்டு வைத்தார். ஐந்தாவது பொட்டு யார் கை?

தீர்த்தகிரி

*

வாழப்பாடி
29-1-1939

என் அருமைத் தம்பி நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும். தை பிறந்து கிரகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்தது. நீ வரமுடியவில்லையே என்பது ஒன்றுதான் குறை. சித்திரையிலாவது லீவு கேள்.

ஆத்தூர் ஆலைக்காரர் தம்பதியாக வந்திருந்தார். உன் மச்சான் அவரை நேராக விசிறிக்கு அடியில் கொண்டுபோய் உட்காரவைத்தார். கரண்டு இல்லாத விசிறிக்குக் கீழே அவருக்கு வேர்த்து ஊற்றியது. ஒரு பனையோலை விசிறியைக் கொடுத்தேன். அவர் சம்சாரமோ என் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள். “எங்க ஊட்டுல கொழாய் மூணு இருக்குதுங்க. ஆனா குளிக்கறது இன்னும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலதான்” என்றாள். பாவமாக இருந்தது.

நீ கேட்டதற்கு வருகிறேன். மூலைப் பொட்டெல்லாம் அவர் வைத்த பிறகு, “நானும் ஒண்ணு வெக்கட்டுங்களா?” என்று கேட்டேன். “வெச்சுக்க” என்றார். கண்ணாடி உடைந்த துக்கத்தில் இருந்தார், நான் கேட்டதே அவர் மனசில் நிற்கவில்லை. எங்கே வைக்கலாம் என்று பார்த்தேன். நீ அழகாகக் குளியலறை என்று எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்து, மேலே ரேடியோ அறை என்று எழுதி வைத்திருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைப் பார்த்ததும் விரல் அங்கேதான் போயிற்று. குங்குமம் கொஞ்சம் ஈரமாக இருந்ததால் நல்ல வட்டமாக விழுந்தது. மறுநாள் கொத்தனாருக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டும்போது, சிவப்பு வட்டம் என்ற இடத்தை நான் இரண்டு தரம் படித்தேன். இதற்குமேல் நீ கேட்காதே, நானும் எழுதமாட்டேன்.

ஆனால் பெருமாயி பாத்திக்கும் பஸ்ஸுக்கும் நான் பொறுப்பில்லை. அதெல்லாம் அவர் பொட்டு.

முதல் நாள் நல்ல உச்சி வெயிலில் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். உடனே குளிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். முதலில் சேறும் அப்புறம் தண்ணீருமாக வந்தது. ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. பழக்க தோஷத்தில் கை சேலையைத் தேடி ஓடியது. நாலு சுவரும் நின்றது நின்றபடி இருந்தன. சிரித்தேன், அழுகையும் வந்தது. அப்புறம் ஒரு குடம் வெந்நீர் வைத்துக்கொண்டு, தலைக்குச் சீயக்காய் போட்டு, ஆற அமர முதுகு தேய்த்துக் குளித்தேன் தம்பி. நீ நன்றாக இருக்கவேண்டும்.

உன் அக்காள்
கண்ணாத்தாள்

*

வாழப்பாடி
26-2-1939

அருமை மாப்பிள்ளைக்கு,

உன் அக்காள் மிகவும் சௌக்கியம். இவ்வளவு சௌக்கியமாக நான் அவளைப் பார்த்ததில்லை. அதில்தான் சிக்கல்.

கரண்டு இன்னும் வரவில்லை. விசிறியில் குருவி கூடு கட்டியிருக்கிறது. உன் குளியலறை மட்டும்தான் இந்த வீட்டில் ஓய்வில்லாமல் ஓடுகிற சாமான். உன் அக்காள் உள்ளே போனால் வெளியே வருவதில்லை. கத்தரிப் பாத்திக்கு ஈடாகப் பெருமாயியும் இங்கேதான் குளிக்கிறாள். அவளைப் பார்த்து அவளுடைய உறவுக்காரப் பெண்கள் வருகிறார்கள். கதவைத் தட்டினால், “கொஞ்சம் பொறுங்க” என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குரல் கேட்கிறது. என் சொந்த வீட்டில் யார் குளிக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் நேற்றுக் காலை நான் அந்தப் பழைய ஓலைத்தட்டிக்குள் போனேன். உடம்பெல்லாம் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறேன், பஸ் வந்து புளியமரத்தடியில் நின்றது. முன்சீட்டில் ஆத்தூர் ஆலைக்காரர். எட்டிப் பார்த்து, “என்னங்க வெங்கடாசலம், ஊட்டுல எல்லாரும் சௌக்கியந்தானுங்களா?” என்று விசாரித்தார். நான் சோப்புக் கையோடு கும்பிட்டேன். பஸ் கிளம்பும்வரை அவர் விசாரித்துக்கொண்டேயிருந்தார். கூரைமேல் இருந்தவர்களும் விசாரித்தார்கள்.

இத்தனை வருஷம் உன் அக்காள் இதை எப்படித்தான் பொறுத்துக்கொண்டாளோ. அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, உன்னிடம் எழுதுகிறேன்.

ஆகவே ஆண்பிள்ளைகளுக்கென்று இன்னொரு குளியலறைக்கு உடனே பிளான் போட்டு அனுப்பு. பூஜையில் பொட்டை உன் அக்காளே வைக்கட்டும். அவள் வைத்தால்தான் வேலை நடக்கிறது.

உன் மச்சான்
வெங்கடாசலம்

மறந்துவிட்டேன்: தாழ்ப்பாள் உள்பக்கம். பெரிய எழுத்தில் எழுது.